காற்று வீசும் மைதானத்துக்கு ஒரு பேட்டர் வேண்டும்

ஜூன் பிறந்தால் குற்றாலத்தில் சாரல். பேரருவியிலும் ஐந்தருவியிலும் எண்ணெய் தேய்த்த தலைகளாக நிற்கும். தென்காசி காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலைத் தாண்டுபவரைக் காற்று ஒரு தள்ளு தள்ளும். பெரும்பாலும் இதே ஜூன், ஜூலையில்தான் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) கிரிக்கெட்டும் நடக்கிறது. தென்காசியிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் கிழக்கே, திருநெல்வேலி சங்கர் நகரில் உள்ள இந்தியா சிமெண்ட்ஸ் மைதானம் அதன் முக்கியமான ஆடுகளங்களில் ஒன்று.

அருவிக்கு வரும் மழையும் மைதானத்தில் அடிக்கும் காற்றும் ஒரே வழியாக வருகின்றன. அரபிக்கடலிலிருந்து கிளம்பும் தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தை நனைத்துவிட்டு மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டுகிறது. ஆரியங்காவு, செங்கோட்டைப் பகுதியில் மலை சற்றுத் தாழ்ந்து ஒரு கணவாய் விடுகிறது. அகன்று வந்த காற்று அந்த இடுக்கில் நெருக்கப்பட்டு வேகம் கூடிக் கிழக்கே பாய்கிறது. கணவாயை ஒட்டிய குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் கொஞ்சம் ஈரம் மிஞ்சுகிறது. மலையிறங்கிச் சமவெளிக்குப் போகப்போகக் காற்று காய்ந்துவிடும்; வேகம் மட்டும் மிச்சம். சுரண்டை, ஆலங்குளம், கயத்தாறு பக்கமெல்லாம் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பது இதனால்தான்.

இப்படிப்பட்ட இடத்தில் சொந்த மைதானம் வைத்திருக்கும் ஓர் அணி, தொடக்க ஆட்டக்காரர் ஒருவரை ஏலத்தில் எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பட்டியலில் இருபது பேர். ஒவ்வொருவர் பெயருக்கு எதிரேயும் ரன், சராசரி, ஸ்ட்ரைக் ரேட். யாரைக் கேட்பது? எவ்வளவு வரைக்கும் கேட்பது?

இந்தக் கேள்வியை ஒரு விஞ்ஞானமாகவே வளர்த்தெடுத்தவர்கள் அமெரிக்காவின் பேஸ்பால்காரர்கள். அங்கே சில ஆண்டுகள் ஆடி ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் எந்த அணியுடனும் பேரம் பேசலாம். 1975 டிசம்பரில் வந்த ஒரு நடுவர் தீர்ப்பு அந்தச் சுதந்திரத்தைக் கொடுத்தது. அன்று முதல் ஒவ்வொரு குளிர்காலத்திலும் அணிகள் சந்தையில் உள்ள ஹிட்டர்களை வரிசையில் நிறுத்தி எடைபோட்டு வருகின்றன. நம் ஊரில் அந்த வேலையை ஏலம் செய்கிறது. டி.என்.பி.எல். தொடங்கியது 2016-இல்; அதன் முதல் ஏலம் நடந்தது 2023 பிப்ரவரியில், மாமல்லபுரத்தில். அணி ஒவ்வொன்றுக்கும் 70 லட்சம் ரூபாய் வரம்பு. அதில் 21.6 லட்சத்தைக் கோவை அணி சாய் சுதர்சன் என்ற ஒரே ஆளுக்குக் கொடுத்தது. அப்போது ஐ.பி.எல்.லில் அவருக்கிருந்த விலை 20 லட்சம்தான். அந்த ஆண்டுக் கோப்பையையும் கோவையே வென்றது. இறுதியாட்டத்தில் நெல்லை அணியை அதன் சொந்த மண்ணான சங்கர் நகரிலேயே 104 ரன்னில் தோற்கடித்தது.

கோப்பை கிடைத்ததால் ஏலக் கணக்கு சரி என்று ஆகிவிடாது. கணக்கு சரியா என்பதைக் கணக்கைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

சராசரியா, வேகமா?

இரண்டு கற்பனை பேட்டர்களை எடுத்துக்கொள்வோம். முருகனின் சராசரி 45, ஸ்ட்ரைக் ரேட் 125. செல்வத்தின் சராசரி 22, ஸ்ட்ரைக் ரேட் 160. டீக்கடையில் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் முருகன் என்பார்கள். இரண்டு மடங்கு சராசரி ஆயிற்றே!

பதினொரு பேரும் முருகனாகவே இருக்கும் ஓர் அணியைக் கற்பனை செய்யுங்கள். இருபது ஓவர், அதாவது 120 பந்து. முருகன் ஒரு விக்கெட்டுக்கு 36 பந்து நிற்பவர். 120 பந்தில் மூன்று நான்கு விக்கெட் விழும், அவ்வளவுதான். மொத்தம் 150 ரன். ஐந்தாறு பேர் பேடு கட்டியபடி உட்கார்ந்தே இருப்பார்கள்.

இப்போது பதினொரு செல்வம். ஒருவர் சுமார் 14 பந்து நிற்பார். பத்து விக்கெட்டுக்கு 137 பந்து. கையில் இருப்பதோ 120. விக்கெட்டுகள் ஒரே சீராக விழாது. சில நாள் 90 பந்திலேயே கடை மூடப்படும். அந்த ஆபத்தைக் கழித்த பிறகும் இந்த அணி எடுக்கும் ரன் சராசரியாக 175-ஐத் தாண்டுகிறது. முருகன்களைவிட 25 ரன் கூடுதல்.

இதே இருவரையும் ஐம்பது ஓவர் ஆட்டத்துக்குக் கொண்டுபோங்கள். பந்துகள் 300. செல்வங்கள் 137 பந்தில் 220 ரன்னோடு சுருண்டுவிடுவார்கள். முருகன்கள் 350 பக்கம் போவார்கள். ஆட்கள் மாறவில்லை, எண்கள் மாறவில்லை, தீர்ப்பு தலைகீழ். இருபது ஓவரில் பந்துதான் அருமையான சரக்கு, விக்கெட் மலிவு. ஐம்பது ஓவரில் விக்கெட்டுக்கு மதிப்பு ஏறிவிடுகிறது. இருக்கும் பொருளில் எது முதலில் தீர்ந்துபோகும் என்று பார்த்து, அதை வீணடிக்காதவருக்குத்தான் விலை கொடுக்க வேண்டும்.

பேஸ்பாலில் இதே உண்மை வேறு முகத்தோடு வந்தது. அங்கே ஓர் அணிக்கு ஓர் இன்னிங்ஸில் 'அவுட்' மூன்றுதான். ஆகவே அவுட் ஆகாமல் எப்படியாவது முதல் தளத்தை அடைபவர் பொன் போன்றவர். பந்தை விளாசுபவர்களுக்கே சந்தை பணத்தைக் கொட்டிய காலத்தில், அடிக்காமல் பொறுத்து நின்று இலவசமாகத் தளம் ஏறுபவர்களை யாரும் கவனிக்கவில்லை. 2002-இல் ஓக்லண்ட் அணியின் பில்லி பீன் அப்படிப்பட்டவர்களை மலிவாகப் பிடித்தார். பெரிய நட்சத்திரமான ஜேசன் ஜியாம்பி நியூயார்க்குக்குப் போன இடத்தை, ஸ்காட் ஹாட்டபெர்க் போன்ற சந்தை ஒதுக்கிய ஆட்களைக் கொண்டு நிரப்பினார். அந்த அணி அந்த ஆண்டு தொடர்ந்து 20 ஆட்டங்களை வென்றது. இதைச் சொல்லும் 'மணிபால்' என்ற புத்தகம் 2003-இல் வந்தது; பின்னர் படமும் ஆனது.

ஏழே ஏழு இன்னிங்ஸ்

சரி, எந்த எண்ணைப் பார்ப்பது என்று தெரிந்துவிட்டது. அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்?

டி.என்.பி.எல்.லில் எட்டு அணிகள். லீக் சுற்றில் ஓர் அணிக்கு ஏழு ஆட்டம். தொடக்க ஆட்டக்காரருக்கும் அந்த ஏழு இன்னிங்ஸ்தான். கிரிக்கெட்டில் ஒருவரின் ஸ்கோர்கள் மிக மோசமாகச் சிதறுபவை: 4, 61, 0, 12, 88, 19, 26 என்று போகும். சராசரி 30 உள்ளவருக்கு அந்தச் சிதறலின் அளவும் ஏறத்தாழ 30. ஏழு இன்னிங்ஸின் சராசரியில் அது ஏழின் வர்க்கமூலத்தால் வகுபட்டு 11 ஆகக் குறையும். அதாவது உண்மையான திறமை 30 என்று உள்ள ஒருவர், அதிர்ஷ்டத்தின் விளையாட்டால் மட்டுமே, ஒரு சீசனில் 19-க்கும் முடிப்பார், 41-க்கும் முடிப்பார். மூன்று சீசனில் ஒன்று இந்த எல்லையையும் தாண்டும்.

இன்னும் ஒரு படி போவோம். எட்டு அணிகளிலும் தலா மூன்று முன்வரிசை பேட்டர்கள், மொத்தம் 24 பேர். அத்தனை பேரும் அச்சில் வார்த்ததுபோல 30 என்ற ஒரே திறமை உள்ளவர்கள் என்று வைத்துக்கொண்டால்கூட, சீசன் முடிவில் பட்டியலின் உச்சியில் இருப்பவரின் சராசரி பெரும்பாலும் 50-ஐத் தாண்டியிருக்கும். அவருக்கு விருது கிடைக்கும், பேட்டி எடுப்பார்கள், ஏலத்தில் விலை ஏறும். அடுத்த ஆண்டு அவர் 30-க்குத் திரும்பும்போது 'பணம் வந்ததும் மாறிட்டான்' என்பார்கள். அவர் மாறவே இல்லை. ஒரு நாள் சாரலைப் பார்த்துவிட்டு இந்த ஆண்டு சீசன் பிரமாதம் என்று ஊருக்குப் போன் போட்டவரைப் போல, நாம்தான் அவசரப்பட்டோம்.

எண் பெரிதாக இருந்தாலும் எதிரே பந்து போட்டது யார் என்பதும் உண்டு. 2022 நவம்பர் 21 அன்று பெங்களூரில் விஜய் ஹசாரே கோப்பை ஆட்டம். அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராகத் தமிழ்நாட்டின் என். ஜெகதீசன் 141 பந்தில் 277 ரன் எடுத்தார்; ஐம்பது ஓவர் கிரிக்கெட்டில் உலக சாதனை. அந்தத் தொடரில் அது அவருக்குத் தொடர்ந்து ஐந்தாவது சதம். மறுமுனையில் சாய் சுதர்சன் 154. அணி 506 ரன். வேடிக்கை என்னவென்றால், அதற்குச் சில நாள் முன்புதான் சென்னை சூப்பர் கிங்ஸ் ஜெகதீசனை விடுவித்திருந்தது. சமூக ஊடகங்களில் சென்னைக்கு அர்ச்சனை. டிசம்பரில் கொல்கத்தா அவரை 90 லட்சத்துக்கு எடுத்தது. 2023 ஐ.பி.எல்.லில் கிடைத்த ஆறு ஆட்டங்களில் அவரால் மொத்தம் 100 ரன்னைத் தொட முடியவில்லை.

இதை வைத்து அவருக்குத் திறமை இல்லை என்பவரும் அதே தவறைத்தான் செய்கிறார். ஆறு ஆட்டம் என்பது ஐந்து சதத்தைவிடப் பெரிய சாட்சி அல்லவே. 2025 ஜூலையில் இங்கிலாந்து சென்றிருந்த இந்திய டெஸ்ட் அணிக்கு அழைக்கப்பட்டவரும் அவர்தான்.

எல்லோரையும் நடுவுக்கு இழு

அதிர்ஷ்டத்தின் பங்கை எப்படிக் கழிப்பது? கணிதத்தின் விசித்திரமான முடிவுகளில் ஒன்று இங்கே கைகொடுக்கிறது.

1956-இல் சார்லஸ் ஸ்டைன் என்ற புள்ளியியலாளர் ஓர் உண்மையை நிறுவினார். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட அளவுகளை ஒரே நேரத்தில் மதிப்பிடும்போது, ஒவ்வொன்றுக்கும் கிடைத்த சராசரியை அப்படியே எடுத்துக்கொள்வது சிறந்த வழி ஆகாது. எல்லாவற்றையும் ஒரு பொதுப் புள்ளியை நோக்கிக் கொஞ்சம் இழுத்துவிட்டால் மொத்தப் பிழை குறையும். 1961-இல் வில்லார்ட் ஜேம்ஸுடன் சேர்ந்து அதற்கு எளிய சூத்திரமும் கொடுத்தார். சொந்த ரன்னை வைத்து எடைபோடாமல் அடுத்தவர் ரன்னையும் ஏன் கலக்க வேண்டும் என்று புள்ளியியலாளர்களே முகம் சுளித்தார்கள்.

அவர்களைச் சமாதானப்படுத்தியது பேஸ்பால். பிராட்லி எஃப்ரானும் கார்ல் மோரிஸும் 1977-இல் எழுதிய கட்டுரையில் 1970 சீசனின் 18 ஹிட்டர்களை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் மட்டையைப் பிடித்த முதல் 45 வாய்ப்புகளை மட்டும் பார்த்து, மீதி சீசனில் எப்படி ஆடுவார்கள் என்று கணிக்க வேண்டும். பதினெட்டுப் பேரின் பொதுச் சராசரி 0.265. சூத்திரம் சொன்னது: ஒவ்வொருவரும் அந்தச் சராசரியிலிருந்து விலகியிருக்கும் தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் நம்பு.

பட்டியலின் உச்சியில் ராபர்ட்டோ கிளமென்டே, 45-க்கு 18 ஹிட், அதாவது 0.400. கடைசிக்கு முந்தைய இடத்தில் துர்மன் மன்சன், 45-க்கு 8, அதாவது 0.178. சூத்திரம் கிளமென்டேயை 0.294-க்கு இறக்கியது, மன்சனை 0.247-க்கு ஏற்றியது. மீதி சீசனில் மன்சன் எடுத்தது 0.316, அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் என்ற விருதும் அவருக்கே. முதல் 45 வாய்ப்பைப் பார்த்துவிட்டு அவரைக் கழித்துக்கட்டியவர் பெரிய நஷ்டத்தைச் சந்தித்திருப்பார். பதினெட்டுப் பேருக்கும் சேர்த்துப் பார்த்தால், இழுத்துக் கணித்த கணிப்பின் பிழை, இழுக்காததின் பிழையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

கிளமென்டே விஷயத்தில் சூத்திரம் சறுக்கியது. அவர் எடுத்தது 0.346, சூத்திரத்தின் 0.294 அதற்கு மிகக் கீழே. காரணம், அவர் அதற்கு முன்பே நான்கு முறை லீக்கின் முதல் ஹிட்டராக வந்தவர். சூத்திரத்துக்கு 45 வாய்ப்பு மட்டுமே தெரியும்; அவருடைய பதினைந்து ஆண்டு வரலாறு தெரியாது. ஆகவே ஏல மேசையில் கணினியோடு, ஆளைப் பல ஆண்டு பார்த்த ஒரு பயிற்சியாளரும் உட்கார வேண்டியிருக்கிறது.

இதை நம் அணிக்குப் போட்டுப் பார்ப்போம். 'அ' என்பவர் வலக்கை ஆட்டக்காரர். போன சீசனில் ஏழு இன்னிங்ஸில் சராசரி 58. 'ஆ' இடக்கை, நாலைந்து சீசனாக 40 இன்னிங்ஸில் சராசரி 31. இருவருக்கும் ஸ்ட்ரைக் ரேட் ஒன்றே. லீக்கின் பொதுச் சராசரி 25 என்றும், ஆளுக்கு ஆள் திறமையில் உள்ள உண்மையான வேறுபாடு 6 ரன் அளவுக்கு என்றும் வைத்துக்கொள்வோம். ஏழு இன்னிங்ஸை ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் நம்பலாம்; 40 இன்னிங்ஸை ஐந்தில் மூன்று பங்கு நம்பலாம். இழுத்துக் கணக்குப் போட்டால் 'அ' 32, 'ஆ' 29. இருபத்தேழு ரன்னாகத் தெரிந்த இடைவெளி மூன்று ரன்னாகச் சுருங்கிவிட்டது.

மைதானம் எடுத்த ரன் எவ்வளவு?

அமெரிக்காவின் டென்வர் நகரம் கடல்மட்டத்துக்கு மேல் 1,600 மீட்டரில் இருக்கிறது. காற்று அடர்த்தி குறைவு. அடித்த பந்து கூடுதல் தூரம் போகும். அங்கே எடுத்த ரன்னை அப்படியே நம்பி ஆளை வாங்கினால், கடற்கரை நகரத்தில் அவர் சாதாரணமாகத் தெரிவார். ஆகவே பேஸ்பாலில் ஒவ்வொரு மைதானத்துக்கும் ஒரு திருத்த எண் போடுகிறார்கள். ஓர் அணி சொந்த மைதானத்தில் ஆடும்போது இரு தரப்பும் எடுத்த ரன், அதே அணி வெளியூரில் ஆடும்போது இரு தரப்பும் எடுத்த ரன், இரண்டின் விகிதமே அது. ஆடுபவர்கள் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே கூட்டம் என்பதால் மிஞ்சுவது மைதானத்தின் பங்கு.

சங்கர் நகர் போன்ற காற்று மைதானத்தில் இந்த ஒற்றை எண் போதாது, ஏனென்றால் காற்றுக்குத் திசை உண்டு. உயரே தூக்கி அடித்த பந்து நான்கு விநாடிபோல வானத்தில் இருக்கிறது. பந்தைத் தடுக்கும் விசை, பந்துக்கும் காற்றுக்கும் உள்ள வேக வித்தியாசத்தின் இருமடியைப் பொறுத்தது. முதுகில் காற்று பட்டால் தடை குறைந்து பந்து பல மீட்டர் கூடுதலாகப் போகும். எதிர்க்காற்றில் எல்லைக்கோட்டுக்கு உள்ளேயே கேட்ச் ஆகும். ஒரே அடி, ஒரு பக்கம் சிக்ஸர், மறுபக்கம் அவுட்.

மாலை வெயில் கண்ணில் அடிக்கக் கூடாது என்பதற்காகப் பிட்ச்சைப் பொதுவாக வடக்கு தெற்காகப் போடுவார்கள். சீசன் காற்றோ மேற்கிலிருந்து வருகிறது, பிட்ச்சுக்குக் குறுக்கே. தென்முனையில் நின்று வடக்கே பார்க்கும் வலக்கை ஆட்டக்காரருக்கு லெக் சைடு மேற்கு. அவர் தூக்கி அடித்தால் எதிர்க்காற்று. அதே முனையில் இடக்கை ஆட்டக்காரருக்கு லெக் சைடு கிழக்கு. காற்று அவருக்குத் துணை. அடுத்த ஓவரில் முனை மாறும், எல்லாம் தலைகீழாகும்.

இப்போது ஜோடியாகப் பாருங்கள். இருவரும் வலக்கை என்றால் ஓர் ஓவர் இருவருக்கும் காற்று துணை, அடுத்த ஓவர் இருவருக்கும் எதிரி. புத்திசாலியான கேப்டன் தன் சிறந்த பந்துவீச்சாளரைக் காற்று பேட்டருக்கு உதவும் முனைக்கு வைத்து அந்த ஓவரைக் கடத்திவிடுவார். ஒருவர் வலக்கை, ஒருவர் இடக்கை என்றால், எந்த ஓவரிலும் இருவரில் ஒருவருக்குக் காற்று லெக் சைடில் துணை நிற்கும். ஒரு ரன் ஓடினால் போதும், அவர் பேட்டிங் முனைக்கு வந்துவிடுவார். ஆகவே நம் அணியில் ஏற்கெனவே இருக்கும் தொடக்க ஆட்டக்காரர் வலக்கையாக இருந்தால், 'ஆ' என்ற இடக்கைக்காரரின் 29 ரன் சங்கர் நகரில் 29-ஐவிடப் பெரியது. சென்னை சேப்பாக்கத்தில் அவருக்கு இந்தக் கூடுதல் மதிப்பு இந்த அளவுக்குக் கிடைக்காது. ஒரே ஆளுக்கு இரண்டு அணிகளிடம் இரண்டு விலை இருப்பது நியாயம்தான்.

யாருக்குப் பதிலாக, எவ்வளவுக்கு?

ஒரு பேட்டரின் மதிப்பு அவர் எடுக்கும் ரன் அல்ல. அவர் இல்லாவிட்டால் அந்த இடத்தில் இறங்கப்போகிறவரைவிட அவர் கூடுதலாக எடுக்கும் ரன். அடிப்படை விலைக்கே 22 சராசரி உள்ள தொடக்க ஆட்டக்காரர் கிடைப்பார் என்றால், 'ஆ'வின் கூடுதல் 7 ரன், 'அ'வின் கூடுதல் 10 ரன். இடமும் முக்கியம். 2023-இல் கோவையில் மேலே சாய் சுதர்சன், கீழே கேப்டன் ஷாருக்கான். கடைசி நான்கு ஓவருக்கு வருபவரிடம் சராசரியைத் தேடுவது வீண். அவருக்குக் கிடைப்பதே பத்துப் பந்து. அவரை 16-ஆவது ஓவருக்குப் பிந்தைய ஸ்ட்ரைக் ரேட்டை வைத்துத்தான் எடைபோட வேண்டும். தொடக்க ஆட்டக்காரர் பற்றாக்குறை உள்ள அணி, எவ்வளவு நல்ல ஃபினிஷர் வந்தாலும் கையைத் தூக்காமல் இருக்கப் பழக வேண்டும்.

ஏலத்தில் ஒரு பொறி வேறு இருக்கிறது. 1971-இல் ஓர் அமெரிக்க எண்ணெய் நிறுவனத்தின் மூன்று பொறியாளர்கள் ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார்கள். மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் நிலங்களை ஏலம் எடுத்த நிறுவனங்கள் எதிர்பார்த்த லாபத்தைப் பார்க்கவில்லை. பூமிக்கடியில் எவ்வளவு எண்ணெய் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது; ஒவ்வொருவரும் ஊகிக்கிறார்கள். அதில் அதிகமாக ஊகித்தவர்தான் ஏலத்தை வெல்கிறார். எனவே வென்றவர் பெரும்பாலும் மிகையாக ஊகித்தவர். பேட்டருக்கும் இதே கதி. எட்டு அணிகள் எட்டு மதிப்பு போட்டால், ஆள் போய்ச் சேர்வது அவரை அதிகமாக நம்பிய அணியிடம்.

2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த ஐ.பி.எல். ஏலத்தில் லக்னோ அணி ரிஷப் பந்தை 27 கோடிக்கு எடுத்தது, ஐ.பி.எல். வரலாற்றில் அதுவரை யாரும் தொடாத விலை. 2025-இல் அவர் எடுத்தது 269 ரன். குஜராத் 8.5 கோடிக்குத் தக்கவைத்த சாய் சுதர்சன் 759 ரன்னோடு அந்த ஆண்டின் முதலிடம். இதைப் பார்த்து லக்னோ ஏமாந்தது, குஜராத் ஜெயித்தது என்று எழுதக் கை துறுதுறுக்கும். ஆனால் பதினாலு பதினைந்து ஆட்டம் என்பது எவ்வளவு மெலிந்த சாட்சி என்பதை இப்போது நாம் அறிவோம். ஒருவரை 269-ஆகவும் மற்றவரை 759-ஆகவும் வைத்து அடுத்த விலையைப் போடுபவர், ஏழு இன்னிங்ஸ் 58-க்கு மயங்கியவரின் அண்ணன்.

நம் ஏல மேசைக்கு வருவோம். 'அ'வின் பெயர் வாசிக்கப்படுகிறது. போன சீசனின் 58 எல்லோர் மனத்திலும் இருக்கிறது. விலை 10 லட்சம், 14, 18 என்று ஏறுகிறது. நம் கணக்கில் அவருக்கும் 'ஆ'வுக்கும் உள்ள வித்தியாசம் மூன்று ரன். அதிலும் ஒரு பகுதியைக் காற்றும் இடக்கையும் ஈடுகட்டிவிடும். பேசாமல் இருக்கிறோம். ஒரு மணி நேரம் கழித்து 'ஆ' வருகிறார். பெரிய போட்டி இல்லை. 6 லட்சத்துக்கு முடிகிறது. மிச்சமான 12 லட்சத்தில், காற்றை எதிர்த்துப் பந்து போடத் தெரிந்த ஒரு சுழற்பந்து வீச்சாளரைத் தேடலாம்.

அடுத்த சீசனில் 'அ' மறுபடியும் 58 அடித்துவிடலாம். கிளமென்டேக்கள் உண்டு. அப்போது ரசிகர்கள் நம்மைத் திட்டுவார்கள். திட்டட்டும். அன்று மேசையில் இருந்த தகவலுக்கு நாம் போட்டது சரியான கணக்கு. அதே மேசைக்கு அதே இரண்டு பெயர் மறுபடி வந்தாலும் அதே கையைத்தான் தூக்குவோம்.